மாதத்துக்கு ஒரு நாள் விமானி

ஆறு வாரம் விமானத்தின் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பழைய செஸ்னா 172. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை என்று நண்பர் புகழ்ந்து தள்ளிவிட்டார். உண்மைதான், நானே எதிர்பார்க்காத லேண்டிங் அது.

அவருக்குத் தெரியாமல் நடந்தவை சில உண்டு. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரை முதலில் கூப்பிட்டபோது, போன தடவை ஓட்டிய வேறொரு விமானத்தின் எண்ணைச் சொல்லிவிட்டேன். டவர் கொடுத்த ஒரு கட்டளையைப் பாதிதான் பிடித்தேன். மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இறங்குவதற்காக, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைக்கும் முன் கார்புரேட்டர் ஹீட் குமிழை வெளியே இழுக்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியில், வெளியே இதமான வெயில் அடிக்கிற நாளில்கூட, காற்றின் ஈரம் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து இன்ஜினை நிறுத்திவிடலாம். அதைத் தடுக்கும் குமிழ் அது. பயிற்சிக் காலத்தில் தூக்கத்தில் எழுப்பினாலும் அதைச் சரியாக இழுத்திருப்பேன். அன்றைக்கு அரை நிமிடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை, தடுமாறியதெல்லாம் தலை. இது என் ஒருவனின் கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. எப்போதாவது ஓட்டும் விமானிகள் எல்லாருக்கும் திறமை இந்த வரிசையில்தான் தேய்கிறது. அதை ஆராய்ந்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டம் அளந்து பார்ப்பது கடைசியாகத் தேயும் பகுதியை.

நான் ஓட்டும் அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களுக்கு, விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. இரண்டு முக்கியமான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பயணி ஒருவரை ஏற்ற வேண்டும் என்றால், அதற்கு முந்தைய 90 நாளுக்குள் அதே வகை விமானத்தில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும். இரவில் ஏற்றுவதானால் அந்த மூன்றும் இரவில் நடந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விமானம் முழுசாக நின்றிருக்க வேண்டும். இரண்டாவது, 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் ஒருவருடன் உட்கார வேண்டும்: தரையில் குறைந்தது ஒரு மணி நேரம் பாடம், வானில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டம். அது பரீட்சை இல்லை. பயிற்றுநருக்குத் திருப்தி இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டார், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 90 நாள் கணக்கு பயணிகளை ஏற்றுகிறவர்களுக்கு மட்டும். தனியாகப் போகிறவருக்கு அது கிடையாது. அதாவது, பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிவிட்டு 23 மாதம் விமானத்தைத் தொடாமல் இருந்த ஒருவர், ஒரு நாள் காலை எழுந்து தனியாக ஏறிப் பறந்தால் அதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. பெரும்பாலான வாடகை நிலையங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இதைவிடக் கறாரான விதி வைத்திருப்பதால் நடைமுறையில் இது அரிதாகத்தான் நடக்கும். சொந்த விமானம் வைத்திருப்பவரைக் கேட்க ஆளில்லை.

ஐரோப்பாவில் கொஞ்சம் இறுக்கம். ஒற்றை இன்ஜின் விமானத்துக்கான தகுதி இரண்டு வருடம் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 12 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் ஆறு மணி நேரமாவது தானே பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும், 12 டேக்-ஆஃபும் 12 லேண்டிங்கும் வேண்டும், பயிற்றுநருடன் ஒரு மணி நேரம் வேறு. இல்லையென்றால் தேர்வு எழுதுவது போல ஓட்டிக் காட்ட வேண்டும். மாதம் ஒரு மணி நேரம் என்ற கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது பாருங்கள். எனக்கு அது நியாயமான கணக்காகவே படுகிறது.

சரி, மூன்று லேண்டிங் எதை நிரூபிக்கிறது? காற்றில்லாத காலை நேரம், பழகிய ரன்வே, ஆயிரம் அடி உயரத்தில் ஒரு செவ்வகச் சுற்று. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம். அரை மணி நேரத்தில் மூன்றையும் முடித்துவிடலாம். பக்கக் காற்று இல்லை, புதிய இடம் இல்லை, மேகம் இல்லை, இன்ஜின் கோளாறு இல்லை, டவர் கடைசி நிமிடத்தில் ரன்வேயை மாற்றிச் சொல்லவில்லை. இதை வைத்து 90 நாள் அனுமதி.

1983-ல் எஃப்.ஏ.ஏ.வுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. புதிதாகத் தனியார் விமானி உரிமம் பெற்றவர்களை 8, 16, 24 மாதம் கழித்துத் திரும்ப அழைத்து, உரிமத் தேர்வில் செய்த அதே வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். எட்டு மாதத்திலேயே சரிவு தெளிவாகத் தெரிந்தது, போகப் போக அதிகமானது. மோசமாகப் பாதிக்கப்பட்டவை, யோசனையும் கையும் ஒன்றாக ஓட வேண்டிய வேலைகள். அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று: தங்களுக்கு எது மறந்திருக்கும், எது மறந்திருக்காது என்று அந்த விமானிகளையே ஊகிக்கச் சொன்னபோது, ஊகமும் உண்மையும் ஒத்துப்போகவில்லை.

முப்பது வருடம் கழித்து நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் இதே கேள்வியை இன்னொரு பக்கமிருந்து அணுகினார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், 16 ஏர்லைன் விமானிகளை போயிங் 747-400 சிமுலேட்டரில் உட்காரவைத்து, தானியங்கி வசதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். வருடக்கணக்கில் ஆட்டோபைலட்டே ஓட்டிவந்த விமானங்களின் விமானிகள் இவர்கள். கையால் ஓட்டும் திறமை போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கருவிகள் மீது கண்ணை ஓட்டுவதும், ஸ்டியரிங்கைக் கையாள்வதும் கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. தடுமாறியது வேறு இடத்தில். நகரும் வரைபடத் திரை இல்லாமல் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மனத்தில் வைத்திருப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது, ஒரு கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது, இவற்றில்தான் பிழைகள் குவிந்தன.

இது அவ்வளவு ஆச்சரியப்பட வேண்டிய விஷயமும் இல்லை. நீச்சலும் சைக்கிளும் மறப்பதில்லை, பத்து வருடம் முன்பு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் மறந்துவிடுகிறது. விமானத்தை ஒரே உயரத்தில் வைத்திருப்பது சைக்கிள் ரகம்: கை அசைகிறது, விமானம் பதில் சொல்கிறது, கை திருத்திக்கொள்கிறது. இடைவிடாத இந்தப் பேச்சுவார்த்தை உடம்பில் ஊறிவிடும். செக்லிஸ்ட் வரிசை, ரேடியோ வாசகங்கள், வேக எண்கள், எந்த இடத்தில் எந்தக் குமிழ் என்பவை போன் நம்பர் ரகம். ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. ஒன்று விடுபட்டால், விடுபட்டது என்று உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். விமானத்தில் முதலில் போவது நாப்பழக்கம். டவரிலிருந்து ஒரே மூச்சில் வரும்: உங்கள் எண், இந்த ரன்வே, வரிசையில் நீங்கள் இரண்டாவது, முன்னால் வரும் பைப்பர் விமானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை நேராகப் போங்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஒரே வாக்கியம். ஆறு வாரம் கழித்து வந்தவருக்கு ஐந்து வாக்கியம். அதை அவிழ்த்துப் புரிந்துகொள்ளும் அந்த நான்கு விநாடி எங்கிருந்து வருகிறது? உயரத்தைப் பார்க்க வேண்டிய கண்ணிலிருந்தும், மூக்கின் சாய்வை நிலைநிறுத்தும் டிரிம் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய கையிலிருந்தும் வருகிறது. 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் போய்விடும். விமானம் முன்னே போய்விட்டது, விமானி பின்னால் ஓடி வருகிறான் என்று பயிற்றுநர்கள் கிண்டல் செய்வது இந்த நிலையைத்தான்.

கையைப் பற்றி இவ்வளவு நல்லபடியாகச் சொன்ன பிறகு ஒரு திருத்தம். நாசா ஆய்வில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்கள். நூறு மணி நேரம் மட்டும் ஓட்டிய என் போன்றவனின் கை அந்த அளவு ஊறியது கிடையாது. அதிலும் கால் இருக்கிறதே, அது ரொம்பவே மோசம். சிறிய விமானத்தில் முழு வேகம் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும், வாலில் இருக்கும் சுக்கானைத் திருப்பும் ரட்டர் மிதிகளில் வலதை மிதித்து நேராக்க வேண்டும். காரில் கால் செய்யும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததால், இடைவெளி விழுந்தால் கால் சோம்பேறியாகிவிடுகிறது. பக்கக் காற்றில் இறங்கும்போது அந்தச் சோம்பேறித்தனம் பளிச்சென்று வெளியே தெரியும்.

இன்னொன்று கோ-அரவுண்ட். இறங்க வந்துவிட்டு, வேண்டாம் என்று திரும்ப மேலே ஏறுவது. மாதத்துக்கு ஒரு முறை ஓட்டுகிறவர்கள் இதைப் பழகுவதே இல்லை என்று தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். எதற்கு ஒரு நல்ல லேண்டிங்கைக் கெடுத்துக்கொள்வானேன் என்ற எண்ணம். ஆனால் அந்த நேரத்தில் விமானத்தின் நிலையைப் பாருங்கள். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்ஸ் முழுக்கக் கீழே இருக்கிறது. வேகம் சுமார் 65 நாட். அந்த மெதுவான வேகத்துக்கு ஏற்ப மூக்கைத் தூக்கிப் பிடிக்கும்படி டிரிம் வைத்தாயிற்று. இப்போது திராட்டிலை முழுசாகத் தள்ளினால் மூக்கு விருட்டென்று மேலே போகும், கூடவே இடது பக்கம் திரும்பும். விட்டுவிட்டால் வேகம் விழுந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும், அதுவும் தரையிலிருந்து நூறு அடியில். இந்த நொடியில் கண்ட்ரோலைப் பலமாக முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டும், வலது காலை மிதிக்க வேண்டும், கார்புரேட்டர் ஹீட்டை உள்ளே தள்ள வேண்டும், ஃபிளாப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அடியாக இல்லாமல், ஏற்ற வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் ரேடியோ. கை, கால், வரிசை மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். 1983 ஆய்வு சொன்ன அந்த மோசமான ரகம் இதுதான்.

பழக்கம் விட்டுப்போனவர் இங்கே செய்யும் இன்னொரு தவறு, கோ-அரவுண்டைத் தவிர்ப்பது. அதிக வேகத்தில் வந்துவிட்டோம், ரன்வேயில் பாதி போய்விட்டது, இருந்தாலும் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று இழுத்துப் பிடிப்பார். பழகாத காரியத்தைவிட மோசமான லேண்டிங் அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

மேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தனியார் உரிமத்துக்கு மூன்று மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி கட்டாயம். அதற்குப் பிறகு, கருவிப் பறப்புக்கான தனித் தகுதி இல்லாதவர் அதைத் தொட வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லை. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவிப் பறப்பில் அனுபவமில்லாத 20 விமானிகளை மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலைக்கு ஆளாக்கினார்கள். இருபது பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. சில மணி நேரப் பயிற்சி கொடுத்த பிறகு, திரும்பி வெளியே வருவதை மட்டும் கிட்டத்தட்ட எல்லாரும் செய்துகாட்டினார்கள். உரிமத்துக்குப் படித்தபோது கிடைத்த அந்தப் பயிற்சி எட்டு வருடத்துக்கு முன்பு நடந்ததாக இருந்தால் அதில் எவ்வளவு மிச்சமிருக்கும்?

1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறிய விமானம், மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கருகே கடலில் விழுந்தது. அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். அவருக்கு 310 மணி நேர அளவுக்கு அனுபவம் இருந்தது; அதே தீவுக்குப் பல தடவை போய்வந்தவர். எப்போதாவது ஓட்டுகிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த விமானத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல், இரவில் அவர் ஓட்டியது ஒரு மணி நேரம்கூட வராது. இருட்டும் மூட்டமும் சேர்ந்து அடிவானத்தை மறைத்த நிலையில் திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் முடிவு. மொத்த மணி நேரம் என்ற எண் எவ்வளவு விஷயங்களை மறைத்துவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பழக்கம் என்பது ஒரே தொட்டியில் தேங்கும் தண்ணீர் போல இல்லை. பகலுக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒன்று, இந்த விமானத்துக்கு ஒன்று, அந்த விமானத்துக்கு ஒன்று.

வாரம் தவறாமல் ஓட்டும் ஏர்லைன் விமானிகளுக்கே இந்த நிலை வந்தால்? 2020 அதைக் காட்டிவிட்டது. கொரோனாவால் உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நிற்க, திரும்பத் திரும்ப வரும் பயிற்சியிலேயே வாழ்ந்தவர்கள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். தென் கொரியாவின் ஏசியானா நிறுவனம் அந்த மே மாதம் ஏ380 என்ற இரண்டடுக்கு ராட்சத விமானத்தைப் பயணிகளே இல்லாமல் பறக்கவிட்டது, விமானிகளின் லேண்டிங் கணக்கு காலாவதியாகக் கூடாது என்பதற்காக. சரியான வேகம், உயரம், இறங்கு விகிதம் இல்லாமல் ரன்வேயை நோக்கி வரும் 'நிலைப்படாத' இறக்கங்கள் ஆயிரம் பறப்புக்கு 13, 14 என்றிருந்தது, அந்த ஆண்டு மே மாதத்தில் 35-ஐத் தாண்டியதாகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் தரவு காட்டியது. செப்டம்பரில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் லயன் ஏர் ஏ330 ஒன்று இறங்கும்போது ரன்வேயை விட்டு விலகியது. யாருக்கும் காயமில்லை. அதன் கேப்டன் முந்தைய 90 நாளில் ஓட்டியது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்றும், துணை விமானி பிப்ரவரி முதல் தேதிக்குப் பிறகு பறக்கவே இல்லை என்றும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அவர்களிடம் சிமுலேட்டர்கள் இருந்தன, பயிற்சித் துறைகள் இருந்தன. நம்மிடம் இருப்பது ஒரு சனிக்கிழமை.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் வேறொரு வாசல் வழியாக வருகிறது. 200 மணி நேரம் ஓட்டி வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டு, ஏர்லைன் வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. வீட்டை அடமானம் வைத்துப் படித்தவர்களுக்கு, திறமையைக் காப்பாற்றவென்று மாதாமாதம் விமான வாடகை கட்டுவது நடக்கிற காரியமா? கீழே சொல்லப்போகும் காசில்லாத வழிகள் அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

அதற்கு முன், நமக்குத் துருப்பிடித்திருக்கிறது என்று நமக்கே எப்படித் தெரியும்? மனசைக் கேட்டால் சரியான பதில் வராது என்று 1983-லேயே சொல்லிவிட்டார்கள். இதற்கு எனக்குத் தெரிந்து நேர்மையான பதில், இன்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர்களை ஓட்டுகிறவர்களின் சங்கங்களிடம் இருக்கிறது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் குளிர்காலத்தில் கிளைடர் பறப்பு குறைந்துபோகும், வசந்தத்தில் எல்லாரும் துருவோடு வருவார்கள். அதனால் அங்கே ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள், வெப்பமானி மாதிரி. ஒரு பக்கம் கடந்த 12 மாதத்தில் பறந்த மணி நேரம், இன்னொரு பக்கம் கிளம்பிய தடவைகள். இரண்டையும் கோடு போட்டு இணைத்தால், கோடு பச்சையிலோ மஞ்சளிலோ சிவப்பிலோ விழும். சிவப்பில் விழுந்தால் பயிற்றுநரோடு போ என்று அர்த்தம். மொத்தம் எத்தனை வருட அனுபவம் என்று அந்த அட்டை கேட்பதே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. முப்பது வருட அனுபவசாலியும் போன வருடம் பறக்கவில்லையென்றால் சிவப்புதான்.

அப்புறம், என்ன செய்யலாம்? முதலில் இடைவெளிக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் சுற்றுவதைவிட, மாதம் ஒரு மணி நேரம் ஓட்டுவது மேல். மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பத் தொடுவதுதான் நினைவை இறுக்குகிறது; பரீட்சைக்குப் படித்த எவருக்கும் இது தெரியும். அமெரிக்காவில் சிறிய விமானத்தின் வாடகை மணிக்கு 150 டாலருக்கு மேல் போவதால், அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பது முக்கியம். பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் பறந்துபோய், சாப்பிட்டுவிட்டு வருவதை இங்குள்ளவர்கள் 'நூறு டாலர் பர்கர்' என்பார்கள். இப்போது நூறு டாலருக்கு அது கிடைக்காது, அது வேறு கதை. நானும் பர்கருக்குப் போகிறேன், வெட்கப்படவில்லை. ஆனால் போகிற வழியில் ஒரு வேலையாவது வைத்துக்கொள்கிறேன்: வேண்டுமென்றே ஒரு கோ-அரவுண்ட், அல்லது திராட்டிலை மூடிவிட்டு இறங்குவது, அல்லது பக்கக் காற்று அடிக்கும் ரன்வேயை டவரிடம் கேட்டு வாங்குவது.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, முழுப் பறப்பையும் ஓட்டுவது. பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும், என் மனைவிக்குப் பழகிவிட்டது. காக்பிட் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, சாவி திருப்புவதிலிருந்து இன்ஜினை நிறுத்துவது வரை கையைக் குமிழ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், ரேடியோ வாசகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் விடுபட்டவை எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். வாய்விட்டுச் சொன்னால்தான் தொண்டை அடைக்கும் இடம் தெரியும். மனப்பயிற்சி உடம்பு வேலையைவிட யோசனை வேலைக்கு அதிகம் உதவுகிறது என்பது உளவியலாளர்கள் பலமுறை சோதித்த விஷயம். முதலில் தேய்வது யோசனைப் பக்கம்தான் என்பதால், விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் கிடையாது.

ரேடியோவுக்கு இன்னொரு வசதி: பல விமான நிலையங்களின் டவர் உரையாடலை இணையத்தில் நேரடியாகக் கேட்கலாம். வேலைக்குப் போகும் வழியில் காரில் போட்டுக்கொண்டு, ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் விமானி பதில் சொல்லும் முன் நான் சொல்லிப் பார்ப்பேன்.

வீட்டுச் சிமுலேட்டர் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து. என் கருத்து இது: வரிசைகளுக்கும் கருவிப் பறப்புக்கும் நல்லது, கடைசி இருபது அடிக்கு உதவாது. விமானம் தரையில் அமரும் அந்தத் தருணத்தை முதுகும் ஓரக்கண்ணும் சேர்ந்து கணிக்கின்றன. திரையில் அவை இரண்டும் இல்லை. அதோடு, திரையில் பழகியவர்கள் வெளியே பார்க்க வேண்டிய நேரத்தில் கருவிகளை முறைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டக் கணக்கிலும் சேராது. கருவிப் பறப்புத் தகுதியைக் காப்பாற்ற, எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த பயிற்சிக் கருவிகளில் செய்வது மட்டும் கணக்கில் வரும்.

பயிற்றுநரைப் பார்க்க இரண்டு வருடம் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். முன்பு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இல்லாமல் வேறு யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. பழையவருக்கு என் பிழைகள் பழகிவிட்டன. எஃப்.ஏ.ஏ.வின் 'விங்ஸ்' என்ற திட்டத்தில், இப்படித் துண்டு துண்டாகச் செய்யும் பயிற்சிகளைச் சேர்த்து அந்த 24 மாதச் சடங்குக்கு ஈடாகக் காட்டவும் முடியும். வருடக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்களுக்காக விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ. தனி வகுப்பே நடத்துகிறது. அதன் பெயர் 'துருப்பிடித்த விமானிகள்'.

துரு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஓட்டாமல் வைத்தால் இன்ஜினும் நிஜமாகவே துருப்பிடிக்கும். செஸ்னா 172-இல் பரவலாக இருக்கும் லைகோமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேல் பக்கம் அமைந்திருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் அதிலிருந்து எண்ணெய் முழுக்க வடிந்துவிடும், ஈரக் காற்று பட்டுத் துரு பிடிக்கும். சிலர் வாரம் ஒருமுறை போய்த் தரையிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். அது இன்னும் கெடுதல்: இன்ஜின் போதுமான அளவு சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால், எரிப்பில் உண்டான நீராவி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். மூன்று லேண்டிங்கை அவசரமாக முடித்துவிட்டுக் காரில் ஏறும் என்னைப் போன்றவர்களைப் பார்த்து மெக்கானிக் ஒருவர் இந்தக் கதையைச் சொன்னார். குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை.

வாடகைக்கு எடுப்பவர்கள் செய்யக்கூடிய எளிமையான காரியம், ஒரே விமானத்தோடு இருப்பது. ஒரு வாரம் வட்டக் கருவிகள், அடுத்த தடவை கணினித் திரைகள் என்று மாற்றிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே திணறும் தலைக்கு இன்னொரு பாரம். நான் அன்றைக்குத் தப்பான எண்ணைச் சொன்னது இதனால்தான். இன்னொன்று, வாடகை மீட்டர் பொதுவாக இன்ஜின் ஓடும்போதுதான் ஓடும். இன்ஜினைப் போடும் முன் பத்து நிமிடம் காக்பிட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் காசு இல்லை. ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்து, இன்று டேக்-ஆஃபில் இன்ஜின் நின்றால் எந்தத் திசையில் இறங்குவேன் என்று சொல்லிப் பார்ப்பேன். விமானத்தின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கண்ணெதிரே ஒட்டிவைக்கிறேன்.

எல்லைகளையும் முன்கூட்டியே, வீட்டிலேயே எழுதிவிட வேண்டும். வழக்கமாக நான் ஏற்றுக்கொள்ளும் பக்கக் காற்று 10 நாட். ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி என்றால் 6. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் பயணி கிடையாது, சட்டம் என்ன சொன்னாலும். விமான நிலையத்துக்குப் போய்ச் சாவியைக் கையில் வாங்கிய பிறகு இதை யோசித்தால், 9 நாட்டும் 6 மாதிரிதான் தெரியும்.

அந்த நண்பர் போன வாரம் மறுபடி போன் செய்தார். ஊரிலிருந்து அவருடைய தங்கை குடும்பத்தோடு வந்திருக்கிறார்களாம், எல்லாரையும் ஒரு சுற்று கூட்டிப் போக முடியுமா என்றார். நான் கடைசியாகப் பறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. 90 நாள் கணக்கில் இன்னும் நாளிருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, இந்தச் சனிக்கிழமைக்குப் பயிற்றுநருக்குப் போன் போட்டேன்.